கருப்பு கோட்டு இல்லாமல் கோர்ட் வாசலில்

வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பாராலீகல் படிப்பும் சான்றிதழும்’. வக்கீலாக இல்லாமல் சட்ட வேலைகளுக்குக் கைகொடுக்கிறவரைத்தான் பாராலீகல் என்கிறார்கள். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வந்து பாராலீகல் என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘வக்கீல் ஆபீஸ் அக்கா’ என்று கேட்டுப் பாருங்கள், நாலு தெரு தள்ளி இருப்பவர்கூட வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அந்த அக்கா நான்தான். பத்தொன்பது வருஷம் பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அதற்கப்புறம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு கூட்டம். பேசி முடித்ததும் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் எழுந்து, “அக்கா, இந்த கோர்ஸ் முடிச்சா கருப்பு கோட்டு போட்டுக்கலாமா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதே சந்தேகத்தில் 18,000 ரூபாயைத் தொலைத்தவள் நான்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாடிப்படி ஏறிப் போனால் பயிற்சி மையம், வாசலில் பெரிய போர்டு, ‘அரசு அங்கீகாரம்’ என்று சிவப்பு எழுத்து. ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. சிட்டுப் பணம் எடுத்துக் கட்டினேன். கடைசியில் தங்க நிறத்தில் முத்திரை வைத்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அவ்வளவு ஜோராக இருந்தது. மறுநாள் எங்கள் சீனியர் வக்கீலிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல யாரும்மா கையெழுத்து போட்டிருக்காங்க?” என்றார். டைரக்டர் சார் என்றேன். “எந்தப் பல்கலைக்கழகம்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அந்தச் சான்றிதழ் இப்போது வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற ஃபைலுக்கு அடி அட்டையாக இருக்கிறது.

அதனால் முதலில் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பாராலீகல் என்று ஒரு லைசென்ஸ் கிடையாது. கோர்ட்டில் நின்று வாதாடுகிற உரிமை 1961-ஆம் வருஷ வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீலுக்குத்தான். அந்த உரிமை இல்லாமல் வக்கீல் தொழில் செய்தால் 6 மாதம் வரை ஜெயில் என்று அதே சட்டத்தின் 45-வது பிரிவு சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் நீதிபதி அனுமதி கொடுத்தால் மற்றவரும் பேசலாம், அது அபூர்வம். ஆக, எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் கருப்பு கோட்டு வராது. ‘கோர்ஸ் முடிச்சதும் கோர்ட்ல பேசலாம்’ என்று எவனாவது சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு படி இறங்கிவிடுங்கள்.

சரி, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இலவசமாகக் கிடைப்பதை முதலில் பாருங்கள். 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஏழைகளுக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துக் கொடுப்பதற்காக வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஆணைக்குழுவுக்கும் தெருவுக்கும் நடுவில் ஆள் வேண்டுமே, அதற்காக 2009-ல் தேசிய அளவில் சட்டத் தன்னார்வலர், அதாவது பாராலீகல் வாலன்டியர், திட்டம் கொண்டுவந்தார்கள். மாவட்ட ஆணைக்குழு விளம்பரம் கொடுக்கும், மனு போட வேண்டும், நேரில் கூப்பிட்டுப் பேசுவார்கள், பயிற்சி கொடுப்பார்கள், அடையாள அட்டை கொடுப்பார்கள். என்னோடு பயிற்சியில் உட்கார்ந்தவர்களைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு அங்கன்வாடி டீச்சர், ரிட்டயர் ஆன தபால்காரர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து இரண்டு பேர், ஒரு திருநங்கை, சட்டக் கல்லூரிப் பையன்கள். நீண்ட தண்டனையில் இருக்கிற படித்த கைதிகளைக்கூட ஜெயிலுக்குள்ளேயே தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கலாம் என்று திட்டத்தில் இருக்கிறது. நம் புழல் ஜெயில் பக்கம் இருப்பவர்களுக்கு அது என்ன பெரிய விஷயம் என்று தெரியும், உள்ளே ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உட்கார்ந்திருப்பவன் தன் கதையை முதலில் பக்கத்து ஆளிடம்தான் சொல்வான்.

இதில் சம்பளம் கிடையாது. வேலை செய்த நாளுக்கு ஒரு மதிப்பூதியம், அவ்வளவுதான், அதை வைத்துக் குடும்பம் ஓடாது. மக்களிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. ஒரு தடவை காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வஞ்சிரம் கொடுத்தனுப்பினாங்க. மீன்பிடித் தடைக்காலம் வேறு, வஞ்சிரம் என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போது சட்டத்தின் மேலேயே கோபம் வந்தது.

படிப்பு என்று பட்டயமாக வேண்டுமானால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதுதான் இக்னோவில், பாராலீகல் டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூ போதும், ஒரு வருஷப் படிப்பு, தபாலில் புத்தகம் வரும். நான் இங்கிலீஷில்தான் படித்தேன், பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு. அதில் ஒரு பாடம் முழுக்கக் கிராம உள்ளாட்சி. ராயபுரம் பாலத்து டிராஃபிக்கில் பஸ்ஸில் உட்கார்ந்து கிராம சபை பற்றிப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் நலிந்த பிரிவினருக்கான சட்டங்கள் என்கிற பாடம் நல்ல பாடம். அந்தப் புத்தகம் இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஓ.எம்.ஆர். பக்கம் அமெரிக்க வக்கீல் கம்பெனிகளுக்கு ஆவணம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அவள் எழுதுவது வேறு பரீட்சை. நாலா என்கிற அமெரிக்கச் சங்கம் 1976 முதல் நடத்துகிற சர்டிஃபைட் பாராலீகல் தேர்வு, அறிவுத் தேர்வு ஒன்று, எழுத்துத் திறன் தேர்வு ஒன்று, தேறினால் 5 வருஷத்துக்கு ஒருமுறை 50 மணி நேரம் மறுபடி படித்துப் புதுப்பிக்க வேண்டும். அது அவளுக்கு உதவும். பேசின் பிரிட்ஜ் போலீஸ் ஸ்டேஷனில் கம்ப்ளைன்ட் எழுதுவதற்கு உதவாது.

இப்போது வேலை என்ன என்று சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ராத்திரி நேரம் டூவீலரில் வந்த ஒருவரை லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது, லோடுமேன், கால் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு ஆள் வந்து, “பத்து லட்சம் வாங்கித் தரேன், இதுல கையெழுத்து போடு” என்று வெற்று வக்காலத்தை, அதாவது வக்கீலை நியமிக்கிற படிவத்தை, நீட்டியிருக்கிறான். அவர் மனைவி போடவில்லை, நல்ல வேளை. நாலு மாதம் கழித்து, பார்த்துப் பார்த்து லேமினேட் செய்த ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். “எஃப்.ஐ.ஆர். பத்திரமா வெச்சிருக்கேன்க்கா.”

வாங்கிப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர். ரசீது.

நம் ஊரில் இந்தக் குழப்பம் இல்லாத வீடு கிடையாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷனில் கொடுக்கிற ரசீது. எஃப்.ஐ.ஆர். என்பது வழக்குப் பதிவு, அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. விபத்து இழப்பீட்டுக்கு முதலில் கேட்பது அதைத்தான். அந்த அம்மாவுக்கு எஃப்.ஐ.ஆர். இருப்பதே தெரியாது. பெரும்பாலான எஃப்.ஐ.ஆர். போலீஸ் இணையதளத்தில் ஏறிவிடும், 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அவர் மகன் போனிலேயே தேடி எடுத்தோம், தலைக்கு மேல் டியூப்லைட் விட்டு விட்டு எரிய, ஸ்கிரீனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். எடுத்துவிட்டோம் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நான் எழவில்லை. பழக்கம், ஒரு காகிதம் கையில் வந்தால் நம்பர்களை மட்டும் தனியாக ஒருமுறை படிப்பேன். லாரி நம்பர் கடைசியில் 3 என்று இருந்தது. வாகன ஆய்வாளர் அறிக்கையை வாங்கிப் பார்த்தபோது அதில் 8.

ஒரு எண் மாறினால் லாரி மாறும், லாரி மாறினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி மாறும், கேஸ் யார் மேலேயோ போய் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 2022 ஏப்ரல் 1-லிருந்து விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும், அதை எதிர்த்து வழக்குகள் போயிருப்பது வேறு கதை, நான் யாரையும் அந்த நம்பிக்கையில் உட்காரச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு மிச்சம் இருந்தது ஏழு வாரம்.

நான் அந்த நம்பரைத் திருத்தினேனா? இல்லை. திருத்துகிற அதிகாரம் எனக்கு ஏது? உயர் நீதிமன்ற வளாகத்துக்கு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வக்கீல் நியமனம் ஆனதும் அவரிடம் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சார் இங்கே 3, இங்கே 8 என்று பென்சிலால் காட்டினேன். அப்புறம் எப்படிச் சரி செய்வது, யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் வேலை. “எவ்ளோக்கா கிடைக்கும்?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட ஒரு தொகை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பயிற்சியில் ஆயிரம் பிரிவு சொல்லிக் கொடுத்தார்கள், இந்த வாயை மூடிக்கொண்டிருப்பதை மட்டும் குமாஸ்தா வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

வழக்கு அடுத்த வருஷம் லோக் அதாலத்தில், அதுதான் மக்கள் நீதிமன்றத்தில், முடிந்தது. அங்கே இரண்டு பக்கமும் சம்மதித்து முடித்தால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரி, மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசியுங்கள் என்று சொல்வது மட்டும் என் வேலை.

இன்னொன்று. பழைய பாடத்தை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. நம் ஜனங்களுக்கு 144 என்றால் ஊரடங்கு, கூட்டம் கூடக் கூடாது. புதுச் சட்டத்தில் அது 163. 144 என்ன தெரியுமா? கைவிட்ட மனைவிக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம், முன்பு 125 என்று இருந்தது. வண்ணாரப்பேட்டையில் ஒரு அம்மாவிடம் “உனக்கு 144-ல மனு போடணும்” என்றதும், “ஐயோ, நான் என்னக்கா கலாட்டா பண்ணேன்” என்று பதறிவிட்டார்.

அந்தக் கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். வக்கீல் ஆக ஆசை இருந்தால் ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு மனு போடு, அது நேர் வழி. வீட்டில் இப்போது முடியாது என்றால் ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்து கேஸ் கட்டு தைக்கக் கற்றுக்கொள், நகல் மனு போடக் கற்றுக்கொள், மனு ரிட்டர்ன் ஆனால் ஏன் ஆனது என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படி, கூடவே டிப்ளமோ எழுது, தன்னார்வலர் விளம்பரம் வந்தால் விடாதே என்றேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

ஆனால் இரண்டு சனிக்கிழமையாக என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். போன வாரம் வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு பாட்டி வந்தார். காகிதங்களை அவளிடமே கொடுத்தேன். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ் மூன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் நிமிர்ந்து, “அக்கா, தாத்தா பேர் இதுல முனுசாமி, இதுல முனிசாமி, ரெண்டும் ஒரே ஆளா?” என்றாள். பாட்டி, “ஒரே ஆள்தான் கண்ணு, அவருக்கு ரெண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்” என்றார்.

இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். வரும்போது காகிதம் எல்லாவற்றையும் கொண்டு வாங்க, தயவுசெய்து லேமினேட் பண்ணாமல்.