கடை ஆள் பூட்டிய எஞ்சினால் படகில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு?

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றை முதலில் எடுக்கிறேன். இதில் நாள் கணக்கு இருப்பதால் தள்ளிப்போட முடியாது.

முகத்துவாரத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தன்னுடைய 18 அடி ஃபைபர் படகுக்குப் புதிதாக 40 குதிரைவலு எஞ்சின் வாங்கியிருக்கிறார். விற்ற கடையே ஆள் அனுப்பி, கரையில் வைத்துப் பூட்டிக் கொடுத்திருக்கிறது. 7 கிழமை ஓடிய பிறகு, கடலில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. இன்னொரு படகில் கட்டி இழுத்து வந்து பார்த்தால், பின்பலகையில் (எஞ்சினைப் பூட்டும் படகின் பின்சுவரில்) போல்ட் போட்ட இடமெல்லாம் வெடிப்பு. கடைக்காரர், "இது தயாரிப்புப் பிழை இல்லை, வாரண்டியில் வராது" என்று சொல்லிவிட்டாராம். "அண்ணா, கடைக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது தம்பி. முதலில் அந்த வாரண்டிக் கதையைப் பார்ப்போம். வாரண்டி கார்ட் என்பது எஞ்சின் செய்த கம்பனி, தான் செய்த எஞ்சினுக்குக் கொடுக்கும் வாக்கு. பிழையாகப் பூட்டியதால் வந்த சேதம் இதில் அடங்காது என்ற வரி அநேகமாக எல்லாக் கம்பனிகளின் கார்டிலும் இருக்கும். அந்த வரி கம்பனியைக் காப்பாற்ற எழுதியது, கடையை அல்ல. "வாரண்டியில் வராது" என்று கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் பிழையாகப் பூட்டியதால்தான் வராது என்றால், பூட்டியது யார்? அவர் அனுப்பிய ஆள்தானே! எஞ்சினை விற்றது ஒரு வேலை, பூட்டிக் கொடுத்தது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு அவர் கம்பனியின் கார்டுக்குப் பின்னால் ஒளிய முடியாது. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புரொப்பெலருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதல்லவா, அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது ஒரு அங்குலம் அளவு கீழே நிற்க வேண்டும். உங்கள் படத்தில் அது நாலு விரல் மேலே நிற்கிறது. எஞ்சினின் கால், அதாவது பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதி, 15 அங்குலம், 20 அங்குலம் என்று அளவுகளில் வரும். பின்பலகையின் உயரத்தை அளந்துதான் அதைத் தெரிவு செய்ய வேண்டும். உயரமான பலகையில் குட்டைக் கால் எஞ்சினை ஏற்றினால், அலையில் படகு தூக்கும்போதெல்லாம் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் வாய் காற்றை இழுக்கும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் தண்ணீர் இல்லாமல் சுற்றித் தேய்ந்து போகும். புரொப்பெலரும் தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே வேகமெடுக்கும். எஞ்சின் சூடேறியதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

வெடிப்பு வேறு விஷயம். போல்ட்டுக்குப் போட்டிருக்கும் வாசரைப் பாருங்கள், ஐந்து ரூபாய்க் குற்றி அளவு கூட இல்லை. 70 கிலோவுக்குக் குறையாத எஞ்சின், அதோடு அது தள்ளும் வேகம், எல்லாப் பாரமும் அந்த நாலு சின்ன வட்டத்தில் விழுகிறது. வாசர் ஃபைபருக்குள் புதைந்து, சுற்றிவரச் சிலந்தி வலை மாதிரிக் கீறல் போயிருக்கிறது. போதாததற்கு ஓட்டைக்குள் ஒன்றும் பூசவில்லை, வெளியே மட்டும் வெள்ளைச் சிலிக்கன் தடவியிருக்கிறார்கள். குளியலறைக்குப் பூசும் சாதாரணச் சிலிக்கன் போல் தெரிகிறது. கடலுக்கென்று செய்த பசை வேறு, அதை ஓட்டையின் உள்சுவரில் நிறைத்துத்தான் போல்ட்டை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபைபருக்கு நடுவில் இருக்கும் பிளைவுட் தண்ணீர் குடிக்கத் தொடங்கும்.

இனிச் சட்டம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வியாபாரமாக ஒருவர் சேவை செய்தால், அதைக் கவனத்தோடும் திறமையோடும் செய்வார், அதற்குப் போடும் பொருட்கள் அந்த வேலைக்கு ஏற்றவையாக இருக்கும் என்ற உத்தரவாதம் பில்லில் எழுதாவிட்டாலும் இருப்பதாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. அந்த வாசரும் சிலிக்கனும் "போடும் பொருட்கள்" என்பதற்குள் நேராக வந்து விழுகின்றன. "நான் தொழிலுக்கு வாங்கினேன், நான் பாவனையாளரா?" என்று யோசிக்க வேண்டாம். வியாபாரி பணத்துக்குத் தரும் பொருளையோ சேவையையோ பயன்படுத்துபவர் என்றுதான் அங்கே விளக்கம்.

கால் அளவு விஷயத்தில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் உதவும். இன்ன படகுக்கு என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் மாடலின் பெயரை நீங்களே சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்த வாதம் மெலிந்துவிடும். அதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

கடைக்காரர் என்ன சொல்லித் தப்பலாம் என்றும் பார்க்க வேண்டும். இடையில் வேறு மெக்கானிக் கழற்றிப் பூட்டினாரா? பலகை ஏற்கெனவே பழுது என்று அவர்கள் எழுத்தில் சொல்லியும் நீங்கள் வற்புறுத்தினீர்களா? எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கத்தால் பீச்சும் தண்ணீர் நின்ற பிறகும் ஓட்டிக்கொண்டே வந்தீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால், சூடேறிய சேதத்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். பின்பலகை வெடித்ததற்கு அது சாட்டு ஆகாது.

அப்புறம் நாள் கணக்கு. அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், விற்பனையோ சேவையோ நடந்து 3 மாதத்துக்குள். உங்களுக்கு 7 கிழமை போய்விட்டது. அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸால் வீதியில் இருக்கிறது. 1977க்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனாலும் கடிதம் போக வேண்டும். விசாரித்துவிட்டு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ அவர்கள் கட்டளையிடலாம். தொழில் இழந்த நாட்களையும் சேர்த்துக் கேட்பதென்றால் ஒரு சட்டத்தரணியைப் பார்த்து நீதிமன்றம் போக வேண்டிவரும். கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு வழக்குப் போட 2 வருடம், வாய்ப் பேச்சில் முடிந்த ஒப்பந்தத்துக்கு 3 வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவரிடமே கேளுங்கள்.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய படகில் இதே மாதிரிப் பூட்டியிருந்தார்கள். இரண்டாவது வருடம் நான் போல்ட்டை உருவியபோது ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்தேன், தேநீரில் ஊறிய பிஸ்கட்டுக்குள் போவது போல உள்ளே போனது. விற்ற கடைக்குச் சொன்னோம். "படகைக் கொண்டுவாருங்கள், செக் பண்ணித் தருகிறோம்" என்றார்கள், நம்பிக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது ஓட்டையெல்லாம் அடைத்து, புது போல்ட் போட்டு, மேலே பெயிண்ட்டும் அடித்திருந்தார்கள். எங்களிடம் ஒரு படம் கூட இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பு அந்தப் பெயிண்ட்டுக்கு அடியில் போனது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே தம்பி, எஞ்சினைக் கழற்ற வேண்டாம். படகை நிழலில் ஏற்றி வைத்துவிட்டு, தகட்டுக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். வாசரையும் நாடாவோடு எடுங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள், இன்ன நாளில் வந்து படகு நிற்கும் இடத்திலேயே பாருங்கள் என்று. அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் கடையோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நாங்கள் ஆள் அனுப்புகிறோம்" என்று அவர்கள் போட்ட வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால் அதையும் சான்றாகக் காட்டலாம். பூட்டுக்கூலி பில்லில் தனியாக இல்லாமல் "இலவசம்" என்று போட்டிருந்தால், பூட்டியது அவர்கள்தான் என்பதற்கு அந்தச் செய்தியே உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

பில்லின் படத்தில் திகதி மங்கலாக இருக்கிறது. நாளைக்கே அதைத் தெளிவாக எடுத்து அனுப்புங்கள், 3 மாதம் எந்த நாளில் முடிகிறது என்று எண்ணிச் சொல்கிறேன். முறைப்பாட்டுக் கடிதத்தையும் சேர்ந்தே எழுதுவோம்.