25 வருஷம் ஞானஸ்நானமே நடக்காத சபை: ஒரு நேயர் கேட்ட சந்தேகம்

வணக்கம். கேள்விகள் நிறைய சேர்ந்து கிடக்கு, இன்னிக்கு நாலஞ்சையாவது முடிச்சிரலாம்னுதான் உக்காந்தேன். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கிட்டேன்.

நாசரேத்துல இருந்து ஒரு தங்கச்சி, காலேஜ்ல படிக்கிறாங்களாம், எழுதியிருக்காங்க. "அண்ணா, அடிமை முறை பத்தின வீடியோல ஜெர்மன்டவுன் மென்னோனைட் சபைன்னு ஒரு பேரைச் சொல்லிட்டு ஓடிட்டீங்க. மென்னோனைட்னா குதிரை வண்டியில போறவங்கதானே? அவங்க கார் ஓட்டுவாங்களா? அவங்க நம்பிக்கை என்ன?"

ஓடிட்டேன்ங்கிறது நெஜம். அன்னிக்கு நேரம் இல்ல. ஆனா இந்தக் கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. கார் விஷயத்தைக் கடைசியில சொல்றேன்.

குதிரை வண்டிக்காரங்க பெரும்பாலும் ஆமிஷ். அவங்க 1693ல ஜேக்கப் அம்மான்ங்கிறவர் பின்னால இந்தக் கூட்டத்துல இருந்து பிரிஞ்சு போனவங்க. மென்னோனைட்டுகள்லயும் பழைய முறைக்காரங்க சில பேர் வண்டி கட்டுறாங்க. அதை இத்தோட விட்டுருவோம்.

நம்பிக்கைன்னு கேட்டா, நான் எப்பவும் சொல்ற அந்த ஒரே வரிதான். கேட்டு வரணும், கட்டி இழுக்கக் கூடாது. பழைய நேயர்கள் சிரிப்பீங்க, தெரியும். ஆனா மத்த எல்லாமே அதுல இருந்துதான் முளைக்குது.

1525 ஜனவரி. ஸ்விட்சர்லாந்துல ஜூரிக் நகரம். ஒரு வீட்டுல கொஞ்சம் பேர் கூடி, விவரம் தெரிஞ்ச வயசுல ஒருத்தருக்கொருத்தர் ஞானஸ்நானம் கொடுத்துக்கிட்டாங்க. குழந்தையில வாங்குனது கணக்குல சேராது, தானா கேட்டு வாங்குறதுதான் ஞானஸ்நானம்னாங்க. இதுல என்ன குத்தம்னு இன்னிக்குத் தோணும். அன்னிக்கு ஊரும் சபையும் ஒன்னு. ஊர்ல பொறந்தா சபையில பொறந்த மாதிரி. அதை மறுத்தா ஊரையே மறுக்குறதா அர்த்தம். ரெண்டு வருஷத்துல, 1527 ஜனவரி 5ஆம் தேதி, அந்த வீட்டுக்காரர் ஃபீலிக்ஸ் மான்ஸைக் கை கால் கட்டி லிம்மத் ஆத்துல தள்ளிக் கொன்னாங்க. தண்ணிதானே கேட்ட, எடுத்துக்கோங்கிற மாதிரி.

எங்க ஆச்சி ஞாபகம் வருது. ஆச்சியோட தம்பி, பெரிய ஆளான பிறகு, தாமிரபரணியில போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டு வந்தார். ஆச்சி ரெண்டு மாசம் பேசல. "அப்ப எங்க அப்பா தூக்கிட்டுப் போய்க் கொடுத்த ஞானஸ்நானம் பொய்யா?" இதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ஜூரிக் நகரசபைக்கு வந்த கோவமும் இதே கோவந்தான். என்ன, ஆச்சி கையில ஆறு இருந்துச்சு, அதிகாரம் இல்ல.

இந்தக் கூட்டத்துக்கு மென்னோனைட்ங்கிற பேரு மென்னோ சிமோன்ஸ்ங்கிறவர்கிட்ட இருந்து வந்தது. நெதர்லாந்துல கத்தோலிக்கக் குருவா இருந்தவர். பக்கத்து ஊர்ல ஒருத்தரை மறு ஞானஸ்நானம் வாங்குனதுக்காகத் தலையை வெட்டுனாங்கன்னு கேள்விப்பட்டு, உக்காந்து வேதத்தைப் புரட்ட ஆரம்பிச்சார். 1536ல குரு வேலையை விட்டுட்டு வந்துட்டார்.

இவங்க நம்பிக்கைப்படி வாளைத் தொடக் கூடாது. ஏன்னா வாளை வச்சு யாரையும் விசுவாசி ஆக்க முடியாது. "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்"னு நம்ம பைபிள்ல இருக்குல்ல, அதை அப்படியே எடுத்துக்கிட்டு கோர்ட்டுல கூட சத்தியம் பண்ண மாட்டேன்னாங்க. திருவிருந்தோட சேர்த்து ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவுற வழக்கமும் உண்டு. பாருங்க, சுத்திச் சுத்தி அதே இடந்தான். கேட்டு வரணும், கட்டி இழுக்கக் கூடாது.

இப்ப ஜெர்மன்டவுன், அமெரிக்காவுல பிலடெல்பியா பக்கம் இவங்க குடியேறுன ஊர். 1683 அக்டோபர்ல ஜெர்மனியில இருக்கிற க்ரேஃபெல்ட் ஊர்ல இருந்து 13 குடும்பம், லினன் நெசவாளிங்க நிறைய, கான்கார்டுங்கிற கப்பல்ல பிலடெல்பியா வந்து இறங்குச்சு. மென்னோனைட் வம்சந்தான், ஆனா கப்பல் ஏறும்போதே பெரும்பாலும் குவேக்கர்ங்கிற வேற ஒரு கிறிஸ்தவ சபைக்கு மாறியிருந்தாங்க. மென்னோனைட்டாவே மிச்சம் இருந்தது ஒரே குடும்பம். பின்னால மெல்ல மெல்ல ஆள் சேர்ந்துச்சு. அதுல ஒருத்தர் வில்லியம் ரிட்டன்ஹவுஸ். 1690ல பழந்துணியை ஊற வச்சு, இடிச்சுக் கூழாக்கிக் காகிதம் பண்ற ஆலையைப் போட்டார். பிரிட்டிஷ் அமெரிக்காவுல முதல் காகித ஆலை அதுதான். அவரைத்தான் பிரசங்கியாராத் தேர்ந்தெடுத்தாங்க.

இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம். பிரசங்கியார் இருக்கார், சனம் இருக்கு, வீட்டுல கூடுறாங்க. ஆனா ஞானஸ்நானம் இல்ல, திருவிருந்தும் இல்ல. ஏன்? அதைக் கொடுக்க முறைப்படி ஏற்படுத்தப்பட்ட மூப்பர் வேணும். மூப்பர்கள் எல்லாரும் ஐரோப்பாவுல. கடல் தாண்டி வர ஆள் கிடைக்கல. முதல் ஞானஸ்நானம் 1708லதான் நடந்துச்சு, 11 பேருக்கு. கப்பல் வந்து 25 வருஷம் ஆயிருச்சு. அதே வருஷந்தான் மரக்கட்டையில ஒரு சின்ன ஜெபவீடும் கட்டுனாங்க. ரிட்டன்ஹவுஸ் அதே 1708ல போயிட்டார். ஞானஸ்நானம் கொடுத்தது அவருக்குப் பின்னால வந்த ஜேக்கப் காட்ஷாக்.

யோசிச்சுப் பாருங்க. ஞானஸ்நானத்துக்காக ஆத்துல செத்த கூட்டத்தோட வாரிசுங்க. கையில தண்ணி இருக்கு, வாங்க ஆளும் இருக்கு. ஆனா நாமளே ஊத்திக்குவோம்னு கிளம்பல. ஜூரிக்ல 1525ல அப்படித்தானே ஊத்திக்கிட்டாங்க? அதைத்தான் அவங்ககிட்ட கேக்கணும்னு எனக்கு ஆசை.

சரி, அடிமை முறை வீடியோல நான் சொன்ன கடுதாசி. 1688ல ஜெர்மன்டவுன்காரங்க நாலு பேர் கையெழுத்துப் போட்டு, மனுஷனை விக்கிறது வாங்குறது தப்புன்னு எழுதுனாங்க. பாஸ்டோரியஸ், ஹெண்டரிக்ஸ், ஆப் டென் கிராஃப் அண்ணன் தம்பி ரெண்டு பேர். கையெழுத்துப் போடும்போது அவங்க குவேக்கர்கள், குவேக்கர் கூட்டத்துக்குத்தான் எழுதுனாங்க. இதைச் சொல்லாம மென்னோனைட் கடுதாசின்னு மட்டும் சொன்னா தப்பு, போன தடவை நான் அந்தத் தப்பைப் பண்ணிட்டேன். ஆனா அந்தச் சகோதரர்களோட தாத்தா க்ரேஃபெல்ட்ல மென்னோனைட் தலைவர், மென்னோனைட்டுகளோட நம்பிக்கையை எழுதி வச்ச 1632 டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையில கையெழுத்துப் போட்டவர். எழுத்துல அந்த ரத்தம் தெரியுது.

அந்தக் கடுதாசியோட இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி இருக்கும், அவங்க தாய்மொழி டச்சும் ஜெர்மனும். ஆனா விஷயம் எப்படி ஆரம்பிக்குது பாருங்க. கப்பல்ல வரும்போது தூரத்துல தெரியாத கப்பல் ஒன்னு தெரிஞ்சா எப்படி நடுங்குனோம், துருக்கிக்காரன் பிடிச்சு அடிமையா வித்துருவானோன்னு? அப்ப நாம பண்றதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்குறாங்க. தான் பயந்த பயத்தை எடுத்து அடுத்தவன் இடத்துல வைக்கிறாங்க. "மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்"ங்கிற வசனத்தைத்தான் வாதமா வைக்கிறாங்க. ஐரோப்பாவுல மனசாட்சிக்காக ஒடுக்குறாங்க, இங்க தோல் நிறத்துக்காக ஒடுக்குறாங்கன்னும் எழுதியிருக்கு. மனசாட்சிக்காக அடி வாங்குன வீட்டுப் பிள்ளைங்க எழுதுன வரி அது.

கடுதாசி என்ன ஆச்சு? குவேக்கர்களோட மாதக் கூட்டம் பாத்துட்டு, ரொம்பப் பெரிய விஷயம், எங்களால ஆகாதுன்னு காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்புச்சு. அது வருடாந்திரக் கூட்டத்துக்கு. அங்க ஓரமா வச்சுட்டாங்க. நம்ம ஊர்ல ஃபைல் மேல போறதை நினைச்சுக்கோங்க. பிலடெல்பியா குவேக்கர்கள் அடிமை வச்சிருக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணுனது 1776ல, கடுதாசி எழுதி 88 வருஷம் கழிச்சு. அந்தத் தாளே தொலைஞ்சு போய், 1844ல கிடைச்சு, மறுபடி தொலைஞ்சு, 2005ல திரும்பக் கிடைச்சது. கையெழுத்துப் போட்ட மேசைன்னு ஒன்னை அந்த மென்னோனைட் ஜெபவீட்டுல வச்சிருக்காங்க.

மரக்கட்டை வீட்டுக்குப் பதிலா 1770ல கல்லுல சின்னதா ஒன்னு கட்டுனாங்க, அது இன்னும் நிக்குது. ஏழே வருஷத்துல, 1777 அக்டோபர் 4, அமெரிக்க விடுதலைப் போர்ல ஜெர்மன்டவுன் சண்டை வாசல்லயே நடந்துச்சு. பிரிட்டிஷ் தளபதி ஆக்னியூ குதிரையில போகும்போது ஒருத்தன் மறைஞ்சிருந்து சுட்டான், செத்துட்டார். எங்க மறைஞ்சிருந்தான்? வாளையே தொட மாட்டோம்னு சொன்ன சபையோட கல்லறைத் தோட்டச் சுவருக்குப் பின்னால. சுட்டவன் சபை ஆள் இல்ல. ஆனா சுவர் அவங்களோடது.

தங்கச்சி, நீங்க கார் பத்திக் கேட்டீங்க. நீங்க கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறது வேற. கட்டி இழுக்கக் கூடாதுன்னு சொல்ற சபை, வெளிய தள்ளலாமா? ஏன்னா இந்த ஜெர்மன்டவுன் சபைக்கே அது நடந்துச்சு. ஓரினச் சேர்க்கையாளர்களை முழு அங்கத்தினரா ஏத்துக்கிட்டதுக்காக, 1997ல இவங்க சேர்ந்திருந்த ஃபிராங்கோனியா கான்ஃபரன்ஸ்ங்கிற மென்னோனைட் சபைகளோட கூட்டமைப்பு ஓட்டுப் போட்டு வெளிய அனுப்பிருச்சு. அமெரிக்காவுல மென்னோனைட் வரலாறு தொடங்குன ஊர் சபையையே! தள்ளுனவங்களுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு. கேட்டு வந்தவன் வாக்குக் கொடுத்துட்டுத்தானே வந்தான், வாக்கை மீறுனா சபை கண்டிக்கணும்ங்கிறதும் இவங்க 16ஆம் நூற்றாண்டுல இருந்தே வச்சிருக்கிற நம்பிக்கைதான். ஒரே வேர்ல இருந்து ரெண்டு கிளை. நான் தள்ளப்பட்டவங்க பக்கம். அதை மறைக்கப் போறதில்ல, கமென்ட்ல திட்டுறவங்க திட்டுங்க. 2022ல அமெரிக்க மென்னோனைட் சபைப் பிரதிநிதிகள் கூடி, இப்படி விலக்கி வச்சதுக்கு வருந்துறோம்னு தீர்மானம் போட்டாங்க.

நேரம் ஆயிருச்சு, மத்த கேள்வி எல்லாம் அடுத்த வாரம்.

ஆங், கார். பெரும்பாலானவங்க ஓட்டுவாங்கம்மா. நம்மளை மாதிரியேதான் ஓட்டுவாங்க.