லெவ் பாக்ரோவ்: ஒரு நிலப்பட வரலாற்றாசிரியரின் இளமையும் கல்வியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். இன்று லெவ் செமியோனோவிச் பாக்ரோவ் என்னும் ரஷ்ய அறிஞரின் இளமைக் காலத்தையும், அவரை உருவாக்கிய கல்வியையும் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். மேலை நாடுகளில் அவர் லியோ பாக்ரோ என்று அறியப்பட்டவர். நிலப்படங்களின் வரலாற்றை எழுதுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்.

நிலப்படம் வரைகிறவர் ஒருவர். அது வரையப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், அதை வரைந்தவர் யார், எதைப் பார்த்து வரைந்தார், பிழை எந்த இடத்தில் நுழைந்தது, அந்தப் பிழையை எத்தனை பேர் நம்பிப் படியெடுத்தார்கள் என்று தேடிப் போகிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவர் செய்யும் வேலைக்கு ஒருவர் எங்கே போய்ப் பயிற்சி பெறுவது? பாக்ரோவ் இளைஞராக இருந்த காலத்தில் அது ஒரு தனிப் பாடத்துறையாக வளர்ந்திருக்கவில்லை. ஆகவே அவர் தம் கல்வியை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று கடலை அளக்கும் தொழில். மற்றொன்று பழைய ஏடுகளைப் படிக்கும் கலை. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்ததுதான் பாக்ரோவின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

அவர் பிறந்தது 1881ஆம் ஆண்டில், ரஷ்யாவின் பெர்ம் மாகாணத்தில், சோலிகாம்ஸ்க் நகரை அடுத்த வெரெத்தியா என்ற ஊரில். யூரல் மலைத்தொடருக்கு மேற்கே, காமா ஆற்றின் மேல்பகுதியில் அமைந்த உப்பு நாடு அது. நிலத்தடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பெரிய இரும்புச் சட்டிகளில் காய்ச்சி உப்பு எடுப்பது அங்கே பல தலைமுறைகளாக நடந்துவந்த தொழில். பெர்ம் நாட்டவரை 'உப்புக் காது' உடையவர்கள் என்று ரஷ்யர்கள் இன்றும் அன்போடு கேலி செய்வதுண்டு. உப்பு மூட்டைகளைத் தோளில் சுமந்து சுமந்து காதுகள் சிவந்து தடித்துப்போன தொழிலாளர்களிடமிருந்து பிறந்த பெயர் அது. பாக்ரோவ் பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1883இல், அதே வட்டாரத்தின் பெரெஸ்னிக்கியில் ஒரு சோடா ஆலை தொடங்கப்பட்டது. பின்னாளில், 1932இல், வெரெத்தியா உள்ளிட்ட பல குடியிருப்புகளை இணைத்துப் பெரெஸ்னிக்கி என்ற தொழில் நகரம் உருவானது.

உப்பைவிட நம் பேச்சுக்கு முக்கியமானது அந்த ஊரின் வழியாகச் சென்ற ஒரு பாதை. யெர்மாக் என்பவரின் தலைமையில் கொசாக்குகள் என்னும் எல்லைப்புறப் போர்வீரர்கள் யூரலைக் கடந்து சைபீரியாவுக்குள் நுழைந்த பிறகு, மலையைக் கடக்க நேரான தரைவழி ஒன்று தேவைப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்த்தெமி பாபினொவ் என்பவர் சோலிகாம்ஸ்கிலிருந்து மலைக்கு அப்பாலுள்ள வெர்ஹோத்தூர்யே வரை காடு வெட்டி ஒரு வழி கண்டார். அவர் பெயராலேயே அது பாபினொவ் பாதை எனப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைபீரியாவுக்குச் செல்லும் ஆளுநர்களும், அங்கிருந்து மென்மயிர்த் தோல்களைக் கொண்டுவந்த வணிகர்களும், தூதர்களும் அந்த வழியாகத்தான் பயணம் செய்தார்கள். மாஸ்கோவுக்குச் சென்ற சைபீரிய வரைபடங்களும் அந்த வழியாகவே சென்றிருக்கும். பாக்ரோவின் குழந்தைப் பருவத்துக்குள் பாதையின் பெருமை மங்கிவிட்டது. போக்குவரத்து தெற்கே மாறிப் போய்விட்டது. ஒருவர் பிறந்த மண்ணே அவரை அறிஞராக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் சைபீரியாவின் வாயிலில் பிறந்த ஒருவர், சைபீரியாவின் மிகப் பழைய வரைபடங்களை உலகுக்கு எடுத்துக்காட்டும் பணியில் தம் இறுதி நாட்களைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

இனி அவருடைய கல்விக்கு வருவோம். முதல் பள்ளி கடல். அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யக் கடற்படையின் நீரளவைப் பிரிவில் பாக்ரோவ் பணியாற்றினார். நீரளவை என்பது கடலின் ஆழத்தையும் கரையின் வடிவத்தையும் அளந்து, கப்பலோட்டிகள் நம்பிச் செல்லத்தக்க கடல்வரைபடமாக ஆக்கும் தொழில். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்ப்பார்கள்; கோணமானி கொண்டு சூரியனின் உயரத்தை அளந்து இடத்தின் அட்சரேகையைக் கணிப்பார்கள்; கரையிலுள்ள கோபுரங்களையும் மலைமுகடுகளையும் குறிவைத்துத் திசைகளைப் பதிவு செய்வார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கடல்வரைபடமும் முழுக்கப் புதிதாக அளக்கப்படுவதில்லை. ஒரு விரிகுடா சென்ற ஆண்டு அளக்கப்பட்டிருக்கும். அதையொட்டிய மணல்திட்டு அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ அளந்த எண்களோடு அப்படியே நிற்கும். எந்த எண் யாருடையது, எந்தக் கருவியால் கிடைத்தது, அதை நம்பலாமா என்று தெரியாமல் படத்தைத் திருத்தினால் கப்பல் தரைதட்டும். நீரளவையாளர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள படத்தின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்தாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கட்டாயம்.

இந்தக் கட்டாயம் வேறெந்தக் கடலையும்விடக் காஸ்பியன் கடலில் அதிகம். காஸ்பியனுக்கு வடிகால் இல்லை. அதற்குள் வரும் ஆற்றுநீரில் பெரும்பகுதி வோல்கா ஆறு ஒன்றினால் வருகிறது. வோல்காவில் நீர் மிகுந்தால் கடல் ஏறுகிறது; குறைந்தால் இறங்குகிறது. உலகக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 29 மீட்டர் தாழ்வாக, பல மீட்டர் ஏறியும் இறங்கியும் நிற்கும் கடல் அது. சமதளமான அதன் வடகரையில் நீர் சிறிது இறங்கினாலே பரந்த நிலம் வெளியே தெரியும். நேற்றைய தீவு இன்று கரையோடு சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட கடலின் பழைய படத்தில் கரை வேறிடத்தில் இருந்தால், அன்று வரைந்தவர் தவறு செய்தாரா, கடல்தான் நகர்ந்துவிட்டதா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

1912ஆம் ஆண்டில் பாக்ரோவ் காஸ்பியன் கடலின் நிலப்படங்களைப் பற்றிய வரலாற்று ஆய்வுக்கான தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருளின் செழுமையை நேயர்கள் உணர வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பண்டைய கிரேக்கர்களில் சிலர் காஸ்பியனை வடபெருங்கடலிலிருந்து உள்வாங்கிய ஒரு வளைகுடா என்று நம்பினார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், கிரேக்க மொழியில் எழுதிய புவியியலறிஞர் தாலமி அதை நிலத்தால் சூழப்பட்ட கடலாகச் சரியாகவே கொண்டார். ஆனால் அதன் நீளம் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதாக வைத்துவிட்டார். உண்மையில் அது வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. தாலமியின் கிடைமட்டக் காஸ்பியன் ஐரோப்பாவின் அச்சுப்படங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. 1630களில் ஹோல்ஸ்டைன் தூதுக்குழுவோடு வோல்கா வழியாகப் பாரசீகம் சென்ற ஆடம் ஒலியாரியஸ் அதை நிமிர்த்தி வரைந்தார். பிறகு மகா பீட்டர் மன்னரின் ஆணைப்படி பெக்கோவிச் செர்க்காஸ்கி கிழக்குக் கரையை ஆராய்ந்தார். 1717இல் அவர் மத்திய ஆசியாவின் கீவாவில் கொல்லப்பட்டார். அதன்பின் வான் வெர்டனும் ஃபியோதர் சொய்மோனொவும் மேற்குக் கரையையும் தென்கரையையும் அளந்தனர். 1720இல் புதிய படம் உருவானது. பாரிஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினராகியிருந்த பீட்டர் அதை அங்கே அனுப்பிவைத்தார். மத்திய ஆசியாவின் ஆமு தாரியா ஆறு காஸ்பியனில் விழவில்லை என்பதும் அந்தப் பயணங்களின் வழியாகவே ஐரோப்பாவுக்கு உறுதியாயிற்று.

இத்தனை படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, எந்த மாற்றம் அளந்ததால் வந்தது, எது கேட்டறிந்ததால் வந்தது, எது வெறும் படியெடுப்பினால் தங்கியது என்று பிரித்தறியும் கண் வேண்டும். அதற்குக் கடலளவைப் பயிற்சி பாதி உதவும். மறுபாதிக்கு ஏடு படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மறுபாதிக்கான சூழலும் பீட்டர்ஸ்பர்க்கிலேயே இருந்தது. சட்ட அறிஞரும் ஆவணவியலாளருமான நிக்கொலாய் கலாச்சொவ் நிறுவிய தொல்லியல் கல்விக்கழகம் 1878இல் அந்நகரில் இயங்கத் தொடங்கியது. பெயரில் தொல்லியல் இருந்தாலும், நிலத்தைத் தோண்டுவதைவிடக் காகிதத்தைப் படிப்பதற்கே அங்கு முதன்மை தரப்பட்டது. ரஷ்யாவின் ஆவணக் காப்பகங்களில் குவிந்து கிடந்த பழைய ஏடுகளைக் காப்பதற்கும் வகைப்படுத்துவதற்கும் ஆட்களைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். பழைய கையெழுத்துகளைப் படித்தல், காகிதத்தையும் முத்திரையையும் கொண்டு காலத்தைக் கணித்தல், வரலாற்றுப் புவியியல் ஆகியவை அங்கே வளர்ந்த அறிவுத் துறைகள். பாக்ரோவின் முதல் பெருநூலான 'நிலப்படத்தின் வரலாறு' இந்தக் கழகம் வெளியிட்டுவந்த தொல்லியல், வரலாற்று இதழின் வழியாகவே 1918ஐ ஒட்டி அச்சேறியது. நூலின் துணைத்தலைப்பே அதை ஒரு சுருக்க வரலாறு என்றும் நூற்பட்டியல் என்றும் அறிவிக்கிறது. பின்னால் வருபவர்கள் எதைப் படிக்க வேண்டும் என்று வழி சொல்லும் அக்கறை, தொடக்கத்திலேயே அவரிடம் இருந்ததை இது காட்டுகிறது.

இதற்கிடையில், 1914இல், ஆசிய ரஷ்யாவின் நிலப்படங்களைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளையும் அவர் எழுதினார். அதே ஆண்டில்தான் ரஷ்ய அரசின் குடியேற்றத் துறை ஆசிய ரஷ்யாவைப் பற்றிய மாபெரும் நிலப்படத் தொகுதியை வெளியிட்டது. சைபீரியாவின் பழைய வரைபடங்களை ரஷ்யர்கள் 'செர்த்தியோஷ்' என்றார்கள். கோடிட்டு வரைந்தது என்று பொருள். அவற்றில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. ஆறுகளே அவற்றின் எலும்புக்கூடு. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எத்தனை நாள் பயணம் என்பதே அவற்றின் அளவுகோல். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. தொபோல்ஸ்க் நகரின் செமியோன் ரெமேசொவ் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த படங்களில் தெற்கு மேலே நிற்கும். மேற்கத்திய அளவைமுறையில் பழகியவர்களுக்கு இவை குழந்தைகள் கிறுக்கியவை போலத் தோன்றக்கூடும். பாக்ரோவ் அவற்றை அப்படி ஒதுக்கவில்லை. படகோட்டிக்குப் பயன்பட வேண்டிய செய்தி எதுவோ அது அந்தப் படங்களில் சரியாக இருக்கிறது என்பதைக் கடல்வரைபடங்களோடு வாழ்ந்தவரால் எளிதில் காண முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

இங்கே தாலமிக்கு ஒரு கணம் திரும்ப அனுமதி வேண்டுகிறேன். தமிழர்களாகிய நமக்கு அவர் அயலவர் அல்லர். கொற்கையை அவர் கொல்கொய் என்றும், காவிரிப்பூம்பட்டினத்தைக் கபேரிஸ் என்றும், மதுரையை மொதௌரா என்றும் குறித்திருக்கிறார் என்று நம் வரலாற்று நூல்களில் படித்திருக்கிறோம். ஆனால் அவருடைய புவியியல் நூலுக்கு நம் கைக்குக் கிடைத்துள்ள, படங்களோடு கூடிய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மிகப் பழையவை 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை. தாலமிக்கும் அவற்றுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அந்த நூலும் படங்களும் இன்றுள்ள வடிவத்தில் ஒரே கையினால் ஒரே காலத்தில் உருவானவை அல்ல என்று 1945இல் பாக்ரோவ் ஒரு கட்டுரையில் வாதிட்டார். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. ஆனால் பழைய படத்தில் நம் ஊர்ப்பெயரைக் கண்டு மகிழ்வதற்கு முன், இந்தப் பெயர் எந்தக் கை வழியாக இங்கே வந்தது என்று கேட்கும் பழக்கத்தை அவர் பீட்டர்ஸ்பர்க்கில் பெற்ற கல்வியின் நேரடிப் பயன் என்றே நான் கொள்கிறேன்.

புரட்சிக்குப் பின், 1918இல், பாக்ரோவ் ரஷ்யாவை விட்டு வெளியேறி பெர்லினில் குடியேறினார். அவருடைய இளமையும் பயிற்சிக் காலமும் அத்தோடு முடிந்தன. 1570இல் ஆபிரகாம் ஒர்த்தேலியஸ் தம் உலகப்படத் தொகுதியில், தாம் பயன்படுத்திய நிலப்படங்களை வரைந்தவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு நன்றி கூறியிருந்தார். பெயர்ப் பட்டியலாக மட்டுமே கிடந்த அந்த மனிதர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, அவர்களைப் பற்றி 1928இலும் 1930இலும் பாக்ரோவ் எழுதினார். 1935இல் நிலப்பட வரலாற்றுக்கென்றே 'இமாகோ முண்டி' என்ற ஆண்டிதழைத் தொடங்கினார். அது இன்றும் வெளிவருகிறது. தமக்குப் பயிற்சி தரத் தனித்துறை எதுவும் இல்லாதிருந்த ஒருவர், அடுத்த தலைமுறைக்கு அந்தத் துறையை அமைத்துக் கொடுத்தார். போர் முடிந்த 1945இல் அவர் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்குச் சென்றார்.

ஸ்டாக்ஹோம் அவருக்குப் பொருத்தமான இடமாகவே அமைந்தது. 1667இல் தொபோல்ஸ்க் ஆளுநர் பியோத்தர் கொதுனொவ் தயாரித்த சைபீரிய வரைபடத்தின் மூலம் அழிந்துபோயிற்று. மாஸ்கோவுக்கு வந்த சுவீடன் தூதுக்குழுவினர் 1669இல் அதைப் படியெடுத்துக்கொண்டு போனதால்தான் அதன் வடிவம் நமக்குத் தெரிகிறது. படியெடுத்தவர்களுள் ஒருவரான கிளாஸ் பிரிட்ஸ், அந்தப் படம் சில மணிநேரம் மட்டுமே தம்மிடம் பார்க்கக் கொடுக்கப்பட்டது என்றும், படியெடுக்கக் கூடாது என்பது நிபந்தனை என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

ரெமேசொவ் 1697 முதல் 1711 வரை தொகுத்த நிலவரைவு ஏட்டின் கையெழுத்து மூலம் பாக்ரோவின் வசம் இருந்தது. ரஷ்யாவை விட்டு அவரோடு வந்த அது, தேசம் தேசமாக அவரோடு பயணம் செய்தது. சைபீரிய ஆறுகளைத் தாள் தாளாகப் பின்தொடரும் அந்த ஏட்டை, மூலத்தின் தோற்றம் மாறாத உருநகலாகப் பதிப்பிக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். 1957இல் அவர் காலமானார். பதிப்பு 1958இல் தி ஹேக் நகரில் வெளிவந்தது. மூல ஏடு இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹௌட்டன் நூலகத்தில், பாக்ரோவின் பெயர் தாங்கிய தொகுப்பில் இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.