தொலைவூர்த் தாய்மாரைக் காப்பது மண்ணின் மருத்துவச்சியே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம்.

சாலை எட்டாத பழங்குடி ஊர்களில் தாய்மாரின் உயிரைப் பெரிதும் காப்பது மருத்துவமனையா, மண்ணின் மருத்துவச்சியா? எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். மருத்துவச்சிக்குப் பயிற்சி கொடுத்தும் பலனில்லை என்றார். சிசேரியன் வேண்டிய இடத்தில் அவர் எதற்கு என்றார். உதிரம் கொட்டினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார் என்றார்.

முதல் குற்றச்சாட்டில் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 1970களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் பல நாடுகளில் பயிற்சி நடந்தது. தாய் இறப்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆனால் என்ன பயிற்சி அது? சில நாள் வகுப்பு. கையில் ஒரு பை: சோப்பு, பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள். தொப்புள் வழியாகப் பிள்ளைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் இருக்க இவை உதவும். பெற்றவளைக் கொல்வது உதிரப்போக்கும் வலிப்பும் அல்லவா? சோப்பு உதிரத்தை நிறுத்துமா? மருந்தும் தரவில்லை, வண்டியும் தரவில்லை. பிறகு அவர்மேலேயே பழி போட்டால் எப்படி?

முழுப் பயிற்சி கொடுத்த பகுதி ஒன்றைச் சொல்கிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்து வடகோடி, நுனாவிக். இனுயிட் என்ற பழங்குடி மக்களின் நிலம். ஊருக்கு ஊர் சாலை கிடையாது, விமானம்தான். ஒரு காலத்தில் 36, 37 வாரமானதும் கர்ப்பிணியைத் தெற்கே அனுப்பிவிடுவார்கள். புருஷன் ஒரு பக்கம், மூத்த பிள்ளைகள் ஒரு பக்கம். தெரியாத மொழி பேசும் ஊரில் வாரக்கணக்கில் வலிக்குக் காத்திருப்பாள். அந்த மக்களே போராடி 1986இல் புவிர்னிடுக் ஊரில் பேறுகால நிலையம் திறக்க வைத்தார்கள். 1998இல் இனுக்ஜுவாக், 2004இல் சலூயிட். அங்கே இனுயிட் பெண்கள் சொந்த ஊரிலேயே, பிரசவம் பார்த்துப் பார்த்தே, வருடக்கணக்கில் பயின்று மருத்துவச்சி ஆகிறார்கள்.

பலன்? 2000 முதல் 2007 வரை 1,372 பிரசவங்களின் பதிவேடுகளை ஆய்ந்தார்கள். 86 சதவீதம் நுனாவிக்கிலேயே நடந்தவை. 85 சதவீதம் மருத்துவச்சி பார்த்தவை. 97 சதவீதம் சுகப்பிரசவம்.

சிசேரியனா? அந்த ஊர்களில் அந்த வசதியே இல்லை, நடுவர் அவர்களே! அதனால்தான் 32-34 வாரத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியின் நிலையையும் ஒரு குழு உட்கார்ந்து பேசுகிறது. மருத்துவர், செவிலியர் உண்டு. மருத்துவச்சிதான் முன்னின்று நடத்துகிறார். இவளை இங்கே வைக்கலாமா, தெற்கே மான்ட்ரியல் நகருக்கு அனுப்பலாமா? குடும்பத்தைப் பிரிப்பதையும் ஓர் ஆபத்தாகவே எடைபோடுகிறார்கள். மருத்துவமனையை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்தறிகிறாரே, அவரைத்தான் முதலில் வைக்கிறோம்.

கட்டடம் இருந்தால் போதும் என்பவர்கள் தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் அயகூச்சோ மலைக்கு வாருங்கள். சான் ஹோசே தெ செக்கே என்ற ஊரில் சுகாதார நிலையம் இருந்தது. 1999இல் அங்கே போய்ப் பெற்றவர்கள் நூற்றுக்கு 6 பேர். அந்த மலைமக்களின் கெச்சுவா மொழி பேசத் தெரியாத பணியாளர்கள், குளிர்ந்த அறை, மல்லாக்கப் படுக்க ஓர் இரும்புக் கட்டில், தூக்கியெறியப்படும் நஞ்சுக்கொடி. எந்தப் பெண் போவாள்? பிறகு ஊராரையும் மருத்துவச்சிகளையும் கலந்து பேசி மாற்றினார்கள். கூரையிலிருந்து ஒரு கயிறு, தாழ்வான ஒரு பலகை. பெண் கயிற்றைப் பிடித்துக் குந்துகிறாள். கணவனோ தாயோ பின்னாலிருந்து தாங்குகிறார். நஞ்சுக்கொடி வீட்டாரிடம் கொடுக்கப்படுகிறது, புதைப்பதற்கு. ஊர் மருத்துவச்சிக்கும் பிரசவ அறையில் இடம் உண்டு. 2007இல் 83 சதவீதம்! இடையே 2005இல் நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்குப் பெரு அரசே வழிகாட்டு விதி போட்டது.

"குந்திப் பெற்றால் உதிரம் கூடுதலாகப் போகுமே?" என்பார்கள். 500 மில்லியைத் தாண்டும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான், மறைக்கவில்லை. அதற்கும் முறை இருக்கிறது. பிள்ளை வந்ததும் தாயைப் படுக்க வைத்து, ஒரு நிமிடத்துக்குள், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் மருந்து 10 யூனிட் தொடையில் ஊசி. நஞ்சுக்கொடி விழுந்த பின் அடிவயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை கல்லுப்போல இறுகியிருக்க வேண்டும். கொழகொழவென்றிருந்தால் உடனே தேய்த்துவிட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை இந்தச் சோதனை.

அந்த ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரமே இல்லாத மலையில் என்ன செய்வது? அதேபோல் கர்ப்பப்பையை இறுக்கும் 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரை மூன்று, வாய்வழியாக. பாகிஸ்தானின் சித்ரால் மலையூர்களில் பாரம்பரிய மருத்துவச்சிகள் கையிலேயே இதைக் கொடுத்துச் சோதித்தார்கள். மிகை உதிரப்போக்கு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. கையைப் பிசைந்துகொண்டா நின்றார்கள்?

மாத்திரை கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, நடுவர் அவர்களே. வயிற்றைத் தடவிப் பார்த்து, உள்ளே இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரட்டை என்று தெரியாமல் கொடுத்தால் கர்ப்பப்பை பிள்ளையை நெரிக்கும், கிழியவும் கூடும். ஸ்கேன் இல்லாத வீட்டில், சிம்னி வெளிச்சத்தில், அந்த நிமிடத்தில் அந்த வயிற்றின்மேல் இருப்பது யாருடைய கை? தீர்ப்பு சொல்லும்போது அதை நினைவில் வையுங்கள். நன்றி, வணக்கம்.