67-ஆம் எண்ணும் எங்கள் அம்மாவும்

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். வேகமாக ஓடுவது எப்படி என்று சொல்லித்தர நல்ல பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது, ஓடி முடித்து வருகிறவரை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதைப் பற்றி, அதிலும் கடைசியாக வருகிறவரை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. என் அம்மாவுக்கு அப்போது 57 வயது, சர்க்கரை வேறு. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தவர், அங்கே பழக்கமான பெண்களோடு சேர்ந்து இரண்டு நிமிஷம் ஓட்டம், மூன்று நிமிஷம் நடை என்று பழகி, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு ஒரு மணி 52 நிமிஷம் ஆனது.

நான் முன்னாலேயே ஓடி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். காற்றடித்து நிறுத்தியிருந்த வளைவை அவிழ்த்துவிட்டார்கள், அது மெல்ல மடங்கிச் சாலையில் படுத்துக்கொண்டிருந்தது. மைக்கில் பேசியவர் போய்விட்டார். தரையில் விரித்திருந்த, நேரம் பதியும் பாயைக்கூடச் சுருட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் அம்மா வந்தார். நான்கு ஊக்குகளில் குத்தியிருந்த எண் அட்டை வியர்வையில் ஊறி ஒரு மூலை கிழிந்து தொங்கியது. நெற்றியில் விபூதி கரைந்து போயிருந்தது, கன்னத்தில் உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. “கோடு எங்கே?” என்று கேட்டார். காட்டுவதற்குக் கோடு இல்லை.

அங்கே தொண்டு வேலைக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் இதைப் பார்த்துவிட்டான். ஒட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு மெடலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, “ஆன்ட்டி, கொஞ்சம் குனிங்க” என்றான். அம்மா குனிந்தார். அந்த மெடல் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ரணதுங்க கருணானந்தாவின் நினைப்புதான். அப்போதைய சிலோனின் ஓட்டக்காரர். 1964 அக்டோபர் 14, டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர், அதாவது 25 சுற்று. உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கைத் தாண்டி, யாரும் எதிர்பார்க்காத அமெரிக்கர் பில்லி மில்ஸ் 28 நிமிஷம் 24.4 விநாடியில் தங்கம் வாங்கினார். அந்தக் கடைசிச் சுற்றைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். ஆனால் ஜப்பானில் பலருக்கு நினைவில் நின்றது அதற்கப்புறம் நடந்தது. எல்லோரும் முடித்துவிட்டார்கள், பாதியில் விட்டவர்களும் உண்டு, 67-ஆம் எண் அட்டை குத்திய கருணானந்தா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறார். இத்தோடு முடிந்தது என்று கூட்டம் நினைத்தால் அவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். முதலில் சிலர் சிரித்தார்கள், அப்புறம் அரங்கம் அமைதியானது, அவர் கடைசிச் சுற்றை முடிக்கும்போது கைதட்டல் நிற்கவே இல்லை. பிறகு அவர் கதை ஜப்பானியப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஏறியது. கடைசியாக வந்தவரைப் பற்றிப் பிள்ளைகள் படித்தார்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

சரி, நேரக்கெடு வைப்பது தப்பா? தப்பில்லை. சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்தாக வேண்டும், போலீஸ்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் ஓட்டம் என்று ஒன்று 1921-இல் தொடங்கியது, நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமான சாலை. கெடு 12 மணி நேரம், ஒரு விநாடி தவறினாலும் மெடல் கிடையாது. வருகிறவர்களைப் பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும் என்பதால் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுதான், கெடு முடிந்தது என்று துப்பாக்கியைச் சுடுகிறார்கள். அவ்வளவு கறார். ஆனால் அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்காகவே ஓட்டம் முடிகிற இடத்தில் கூட்டம் காத்துக்கிடக்கும், ஜெயித்தவர் போய்ப் பல மணி நேரம் ஆன பிறகும். இந்த ஓட்டத்தைத் தொடங்கியவர் விக் கிளாப்ஹாம், ரயில் எஞ்சின் ஓட்டுநர், முதல் உலகப் போரில் சிப்பாயாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடையாய் நடந்தவர். அவர் பெயரில் இருக்கிற மெடலை முதலில் வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை, கடைசி ஒரு மணி நேரத்தில், 11-க்கும் 12-க்கும் இடையில் முடிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, வேகமாக ஓடுகிறவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்கள் விடிவதற்குள் முடித்து நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். மெதுவாக வருகிறவருக்குத்தான் சென்னை வெயிலும் புழுக்கமும். அவர் வந்து சேரும்போது தண்ணீர் மேசையில் காலி டம்ளர்தான் இருக்கும், முன்னால் போனவர்கள் போட்ட வாழைப்பழத்தோல் காலில் வழுக்கும், பின்னாலிருந்து பைக் ஹாரன் அடிக்கும். அத்தனையையும் தாண்டி, கூட ஓட ஆள் இல்லாமல், அவர் அதே தூரத்தை ஓடி முடிக்கிறார்.

அந்த வருஷத்திலிருந்து நாங்கள் நாலைந்து பேர் ஒரு வேலை செய்கிறோம். கடைசி 500 மீட்டரில், கெடு முடிந்த பிறகும் நிற்கிறோம். எவர்சில்வர் தட்டும் கரண்டியும்தான் மேளம். எண் அட்டையில் பெயர் அச்சடித்திருக்கும், அதைப் படித்துப் பெயர் சொல்லிக் கத்துகிறோம், முன்பின் தெரியாத ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இழுத்து இழுத்து நடந்தவரின் கால் எப்படி ஓட ஆரம்பிக்கிறது என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். முடித்தவுடனே தொப்பென்று உட்கார விடுவதில்லை, தலை சுற்றும், அதனால் பத்து நிமிஷம் கூடவே நடக்க வைத்து உப்புப் போட்ட நீர்மோர் கொடுக்கிறோம். அப்புறம் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ. கோட்டை எடுத்துவிட்டிருந்தால் சாக்பீஸால் நாங்களே ஒன்று போட்டுவிடுகிறோம்.

இந்த முறை அம்மா 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். நான் ஓடவில்லை. தட்டு, கரண்டி, மோர்ப் பானை, சாக்பீஸ் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. அந்தப் பக்கம் வருகிறவர்கள் உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தட்டு கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.