முன்பு உன் சகோதரனோடே

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் யூதர்களுக்கு யோம் கிப்பூர். நம் வேதாகமத்தில் 'பாவநிவிர்த்தி செய்யும் நாள்' என்று இருப்பது இதுதான்.

லேவியராகமம் 16 உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலி, மற்றது போக்காடு, அதாவது ஜனங்களின் பாவங்களைச் சுமந்து போகும் ஆடு. பிரதான ஆசாரியரான ஆரோன் அதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். எனக்கு எப்போதும் மனதில் நிற்பது அவருடைய உடை. மணிகள் தொங்கும் அங்கி, பொன் பட்டம் எல்லாம் இல்லாமல், வெறும் சணல்நூல் சட்டையோடு கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறார்.

இயேசு தம் சொந்த இரத்தத்தினாலே ஒரேதரம் உள்ளே போனார் என்கிறது எபிரெயர் 9. அதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகின்றன. யூதர்கள் இன்று அந்த நாளை எப்படி ஆசரிக்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

70-ஆம் ஆண்டில் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு ஆடும் இல்லை, பலியும் இல்லை. சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கிறார்கள். தோல் செருப்புப் போடுவதில்லை. பிற்பகலில் யோனா புத்தகத்தை முழுவதும் வாசிக்கிறார்கள். கடைசி ஜெபத்துக்கு நெயிலா என்று பெயர், அதாவது கதவு மூடும் வேளை. பசியும் களைப்புமாக, முடிந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே ஜெபிக்கிறார்கள். இருட்டியதும் ஷோபார், நாம் எக்காளம் என்கிறோமே அந்தக் கொம்பு, ஒருமுறை நீளமாக ஊதும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு போதனை உண்டு. தேவனுக்கு விரோதமான பாவத்துக்கு அந்த நாள் நிவிர்த்தி தரும். சக மனிதனுக்குச் செய்த தப்புக்கு, அவனை நீ போய்ச் சமாதானப்படுத்துகிற வரைக்கும் தராது. அதனால் முந்திய நாட்களிலேயே ஆட்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

மத்தேயு 5-இல் ஆண்டவர் சொன்னதும் இதுதானே! காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று. அவரும் யூதர், கேட்டவர்களும் யூதர்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும் எங்கள் சித்தப்பாவைத் தகாத வார்த்தை சொல்லிவிட்டேன். ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். சித்தப்பாவிடம் கேட்கவில்லை. அப்புறம் எத்தனை முறை திருவிருந்து எடுத்திருப்பேன்!

நாளை ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.