அயோர்டா எத்தனை மில்லிமீட்டர்?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கங்க. ஹார்ட்டுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சுன்னா நம்ம பக்கம் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், அடைப்பு இருக்கா, எத்தனை அடைப்பு, எத்தனை பர்சென்ட். கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதே ஸ்கேன்ல இருதயத்துல இருந்து கெளம்புற பெரிய ரத்தக்குழாயும் தெரியும், அயோர்டா, ஒடம்பு முழுக்கப் போற ரத்தம் அம்புட்டும் அது வழியாத்தான் போகுது. அது எத்தனை மில்லிமீட்டர் அகலம்னு ரிப்போர்ட்டுல ஒரு வரி இருக்கும், அந்த வரியைப் பெரும்பாலும் யாரும் படிக்கிறதில்ல. நான் மதுரையில சி.டி. மெஷின்ல பல வருஷமா வேலை பாக்குற டெக்னீஷியன். படம் எடுத்து, அளக்குறதுக்குத் தோதா அதைத் திருப்பி வெட்டிக் குடுக்குறது என் வேலை, ரிப்போர்ட் எழுதுறது ரேடியாலஜி டாக்டர். இன்னைக்கு அந்த ஒரு வரியைப் பத்தித்தான் பேசப்போறேன்.

பெரியவங்களுக்கு இருதயத்துக்கு மேல ஏறிப் போற பகுதி சுமாரா 30ல இருந்து 35 மில்லிமீட்டர் இருக்கும், ஆள் ஒசரம், வயசு, ஆணா பொண்ணான்னு பாத்துக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். 40ஐத் தாண்டினா விரிஞ்சிருக்குன்னு சொல்லி வருஷா வருஷம் பாப்பாங்க. 55ஐத் தொட்டா ஆபரேஷன் பேச்சு வரும், மார்ஃபான் மாதிரி பிறவிக் கோளாறு இருக்கவங்களுக்கு 50லயே வரும், சிலருக்கு அதுக்கும் முன்னாடியே. இதுல கொடுமை என்னன்னா, விரியிறது வலிக்காது. பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. திடீர்னு உள்சுவர் கிழிஞ்சு நெஞ்சுலயும் முதுகுலயும் உசுரு போற வலி வரும்போதுதான் தெரியும், அப்ப ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து ஏறிக்கிட்டே போகும். அதனாலதான் முன்னாடியே அளந்து வைக்கிறது. அளவு கரெக்டா இருக்கணும்னு நான் இம்புட்டு அடிச்சுக்கிறதும் அதனாலதான்.

சரி, குழாயை அளக்குறதுல என்ன பெரிய வித்தைன்னு தோணும். ரேடியோல படம் காட்ட முடியாது, அதனால உங்க அடுப்படிக்கே போவோம். வாழைத்தண்டை நேரா குறுக்க வெட்டுனா வட்டமா வில்லை வரும். அதையே சாய்ச்சு வெட்டுங்க, நீளவாக்குல முட்டை வடிவத்துல வரும், தண்டு அதேதான், வில்லை மட்டும் பெருசாத் தெரியும். சி.டி. மெஷின் முதல்ல குடுக்குற படம் ஒடம்புக்குக் குறுக்க வெட்டுன படம். அயோர்டாவோ மேல ஏறி, வளைஞ்சு, முதுகுப்பக்கமா கீழ எறங்குற குழாய், வயசானவங்களுக்கு இன்னும் நெளிஞ்சு கிடக்கும். குழாய் சாஞ்சு போற எடத்துல அந்தக் குறுக்குப் படத்துலயே நீளவாக்குல அளந்தா இருக்கிறதை விட அதிகமாத்தான் வரும். அதனால கம்ப்யூட்டர்ல குழாய் எந்தப் பக்கம் போகுதோ அதுக்குச் செங்குத்தா படத்தைத் திருப்பி அப்புறம்தான் அளக்கணும். இதுக்குக் கொஞ்ச நேரம் புடிக்கும். வாசல்ல கூட்டம் நிக்கும்போதும் அந்த நேரத்தைச் செலவு பண்ணித்தான் ஆகணும்.

இன்னொண்ணு, துடிப்பு. இருதயம் ஒவ்வொரு தடவை அடிக்கிறப்பவும் அயோர்டாவோட அடிப்பகுதி ஆடுது, விரிஞ்சு சுருங்குது, ஒரு துடிப்புக்குள்ளயே ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மாறும். சாதாரணமா நெஞ்சுக்கு எடுக்குற சி.டி.ல இந்த ஆட்டம் சுவர் ஓரத்தை ரெட்டையாக் காட்டும், கிழிசல் மாதிரியே தெரிஞ்சு டாக்டரையே பதற வச்சிரும். ஹார்ட் சி.டி.ல நெஞ்சுல ஈசிஜி ஒயரை ஒட்டி, துடிப்போட ஒரே கட்டத்துல வர்ற படங்களை மட்டும் சேர்த்து எடுப்போம், கேட்டிங்னு சொல்லுவோம். அதனாலதான் காலையில காபி குடிச்சிட்டு வராதீங்கன்னு சொல்றது, நாடித்துடிப்பு எறங்க மாத்திரை குடுக்குறதும் அதுக்குத்தான். மூச்சைப் புடிக்கிறது ரொம்ப முக்கியம். மெஷின் பேசுற இங்கிலீஷ் கொரலைக் கேட்டுப் பாதிப் பேரு மெரண்டு போயி அந்த நேரத்துலதான் பெருமூச்சு விடுவாங்க. நான் உள்ள அனுப்புறதுக்கு முன்னாடியே பக்கத்துல நின்னு, அம்மா மூச்சை இழுங்க, நிப்பாட்டுங்க, இப்ப விடுங்கன்னு பழக்கி விட்டுருவேன். ஸ்கேனுக்குப் போறவங்க வீட்லயே இதைப் பழகிட்டுப் போங்க, படம் தெளிவா வரும்.

உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவரைக் கூட்டிக்கிட்டு அவரு மகன் வந்தாரு. போன வருஷ ரிப்போர்ட்டுல 46, இந்த வருஷம் இருமலுக்காக வேற எடத்துல எடுத்த சி.டி.ல 51. ஒரே வருஷத்துல அஞ்சு மில்லிமீட்டர். 2022ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி ஒரே வருஷத்துல அஞ்சு கூடுனாலோ, ரெண்டு வருஷம் தொடர்ந்து மூணு மூணு கூடுனாலோ ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும். அப்ப பயப்பட வேண்டிய கணக்குதான் அது. வீட்ல நகையை அடகு வைக்கிற அளவுக்குப் பேச்சு போயிருக்கு, பெரியவர் என்கிட்ட, தம்பி எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு இந்தப் பயலுக இப்படி அலையிறாய்ங்கன்னு கேக்குறாரு. நல்லவேளையா போன வருஷத்து ஸ்கேன் படம் இருந்த டிஸ்க்கை மகன் பத்திரமா வச்சிருந்தாரு. ரெண்டு ஸ்கேனையும் ஒரே திரையில போட்டு, ஒரே எடத்துல, ரெண்டையும் செங்குத்தாத் திருப்பி எங்க ரேடியாலஜி டாக்டரம்மா அளந்தாங்க. 46, 47. அந்த 51 சாய்ஞ்ச படத்துல, துடிப்பு பாக்காம எடுத்த ஸ்கேன்ல அளந்தது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் யாரு அளந்தாலும் வரக்கூடியது, அதை வளர்ச்சின்னு சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடணும், பீடியை விடணும், வருஷம் ஒருக்கா பாக்கணும்னு சொல்லி அனுப்புனாங்க.

அதனால சொல்றேன், பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, பிலிமும் போதாது, டிஸ்க்ல இருக்க படத்தைத்தான் திருப்பி அளக்க முடியும். எக்கோல, அதாவது ஒலி அலையை வச்சு இருதயத்தைப் பாக்குற ஸ்கேன்ல வந்த அளவையும் சி.டி. அளவையும் பக்கத்துல வச்சுப் பயப்படவும் வேணாம், சந்தோஷப்படவும் வேணாம். சுவரைச் சேர்த்து அளக்குறதா, விட்டுட்டு அளக்குறதாங்கிற முறையே ரெண்டுலயும் வேற, ரெண்டு மூணு மில்லிமீட்டர் அதுலயே போயிரும். எக்கோன்னா எக்கோவோட, சி.டி.ன்னா சி.டி.யோட, முடிஞ்சா அதே எடத்துல எடுங்க.

இந்த எடத்துல ஒருத்தரைப் பத்திச் சொல்லாமப் போக எனக்கு மனசு வராது. மைக்கேல் டிபேக்கின்னு ஒரு இருதய சர்ஜன், அமெரிக்காவுல லூசியானாவுல 1908ல பொறந்தவரு, அப்பா அம்மா லெபனான்ல இருந்து குடிபோனவங்க. சின்ன வயசுலயே அம்மாகிட்ட தையல் கத்துக்கிட்டாரு. டாக்டராகி ஹூஸ்டன்ல இருக்கும்போது, 1950கள்ல, கெட்டுப்போன அயோர்டாவை வெட்டி எடுத்துட்டு அங்க துணிக்குழாய் வச்சுத் தைக்கலாமான்னு யோசிச்சு கடைக்குப் போயி நைலான் கேக்குறாரு, நைலான் தீந்துபோச்சு, டேக்ரான்னு ஒரு பாலியஸ்டர் துணி புதுசா வந்திருக்கு தரட்டுமான்னு கேக்குறாங்க, சரின்னு வாங்கிட்டு வந்து வீட்டுத் தையல் மெஷின்ல தானே குழாயாத் தைச்சாரு. நம்ம புதுமண்டபத்துல வரிசையாத் தையல் மெஷினைப் போட்டுத் தைச்சாங்களே, அந்த மாதிரி மிதிக்கிற கையும் காலும் இந்த வைத்தியத்துக்குள்ள இருக்குன்னு நெனச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும். இன்னைக்கும் அயோர்டா ஆபரேஷன்ல அந்த ஜாதி பாலியஸ்டர் குழாய்தான் வைக்கிறாங்க. கிழிசலை வகை பிரிச்சதும் அவருதான், இப்பவும் டாக்டருங்க டிபேக்கி ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்றதுண்டு. அப்பேர்ப்பட்டவருக்கு 2005 கடைசியில, 97 வயசுல, அதே கிழிசல் வந்துச்சு. தனக்கு என்னன்னு தானே கண்டுபிடிச்சாரு, ஆபரேஷன் வேணாம்னு வீட்லயே இருந்தாரு. அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்ல அயோர்டா பெருசாகிக்கிட்டே போறது தெரிஞ்சுது, 2006 பிப்ரவரியில அவரு வளர்த்த ஆளுகளே அவருக்கு ஆபரேஷன் பண்ணாங்க. பொழைச்சு எந்திரிச்சு மறுபடி வேலைக்கும் போனாரு, 2008ல எறக்கும்போது நூறு வயசுக்கு ரெண்டு மாசம் குறைச்சல். அங்கயும் பழைய படம் பக்கத்துல புதுப் படத்தை வச்சுப் பாத்ததாலதான் முடிவெடுக்க முடிஞ்சுது.

கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்து கை காட்டுறாங்க, நேரம் ஆச்சு போல. ரத்தக்குழாய் படத்துல தெளிவாத் தெரிய ஊசியில ஏத்துற காண்ட்ராஸ்ட் மருந்து பத்தி விரிவாச் சொல்ல நெனச்சேன், சுருக்கமாச் சொல்லிர்றேன். ஊசி போடுறதுக்கு முன்னாடி கிட்னிக்கான ரத்த டெஸ்ட் கிரியேட்டினின் பாத்துக்கங்க, சுகர் மாத்திரை மெட்பார்மின், ஆஸ்துமா, முன்னாடி மருந்து ஒத்துக்காமப் போனது எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. மருந்து ஏறும்போது ஒடம்பு சுடும், ஒண்ணுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும், பயப்படாம அசையாமப் படுங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு, அயோர்டா வீங்கியிருக்கு, இல்ல அயோர்டா வால்வுல மூணு இதழுக்குப் பதிலா ரெண்டுதான்னு வீட்ல ஒருத்தருக்கு எழுதியிருந்தா, கூடப்பொறந்தவங்க, பெத்த புள்ளைங்க எல்லாரையும் டாக்டர்கிட்ட கேட்டு ஒரு எக்கோ எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, கர்ப்பமாக நெனைக்கிற பொண்ணுங்க அதுக்கு முன்னாடியே. நன்றி, வணக்கம்.